அந்த அரை மணி நேரம் யாருடையது?

கேள்வி: எனக்கு 41 வயது. ஒன்பது வயதிலும் ஐந்து வயதிலும் இரண்டு பிள்ளைகள். சென்ற வருடம் ஒரு தியான முகாமுக்குப் போய் வந்ததிலிருந்து தினமும் இரவு எட்டு மணிக்கு அறைக்குள் போய், அரை மணி நேரம் மௌன செபத்தில் உட்காருகிறேன். வாய்விட்டுச் சொல்லும் செபங்களைவிட இதில்தான் ஆண்டவரை நெருக்கமாக உணர்கிறேன். ஆனால் வீட்டில் ஒத்துழைப்பு இல்லை. சின்னவன் கதவைத் தட்டுகிறான். அம்மா டிவி சத்தத்தைக் குறைப்பதில்லை. அந்த நேரத்தில் மனைவிதான் பிள்ளைகளைச் சமையலறையில் வைத்துச் சமாளிக்கிறாள். அவளுக்கு இதிலெல்லாம் அவ்வளவு நாட்டம் இல்லை, செபமாலையோடு சரி. உள்ளறைக்குப் போய்க் கதவை அடைத்துக்கொண்டு வேண்டச் சொன்னது ஆண்டவர்தானே? இதன் அருமையைக் குடும்பத்துக்கு எப்படிப் புரியவைப்பது?

பதில்: பிரசுரத்துக்காக உங்கள் கடிதத்தைச் சுருக்கியிருக்கிறோம், தம்பி. அசலில் மகன் கதவைத் தட்டுவதைப் பற்றி ஒரு முழுப் பத்தி இருந்தது. அம்மாவின் டிவிக்கு இன்னொரு பத்தி. தியானத்தில் கிடைத்த அனுபவத்துக்கு ஒன்றரைப் பக்கம். மனைவிக்கு அந்த ஒரே வரிதான். அதிலும் பாதி, அவருக்கு நாட்டமில்லை என்று சொல்வதிலேயே போய்விட்டது. நான் அந்த வரியைவிட்டு நகரப் போவதில்லை.

இந்தக் கடிதம் எனக்குப் புதிதல்ல. சில சமயம் அம்மாக்கள் எழுதுவார்கள், பெரும்பாலும் அப்பாக்கள். தியானத்துக்குப் போய் வந்த சூடு எழுத்திலேயே தெரியும். வீட்டை எப்படி அமைதியாக்குவது என்று கேட்பார்கள். இப்போது கிடைக்கிற அமைதியை யார் உண்டாக்கித் தருகிறார்கள் என்று இதுவரை ஒருவர்கூடக் கேட்டதில்லை. உங்கள் வீட்டில் அதை உண்டாக்குகிறவர் சமையலறையில் நிற்கிறார். அடுப்பில் ஒரு கண், ஐந்து வயதுப் பையன்மேல் ஒரு கண், பெரியவளின் வீட்டுப்பாடத்தில் ஒரு காது. நீங்கள் உள்ளே ஆண்டவரை நெருக்கமாக உணர்வதற்கு வேண்டிய கூலியை அவர் வெளியே நின்று கொடுத்துக்கொண்டிருக்கிறார். அதற்குப் பிறகும் ‘ஒத்துழைப்பு இல்லை’ என்று எழுத உங்களுக்குக் கை வந்திருக்கிறது.

அவருக்கு நாட்டமில்லை என்பது உங்களுக்கு எப்படித் தெரியும்? கேட்டீர்களா? ‘நீ போய் உட்கார், நான் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறேன்’ என்று இந்த ஒரு வருடத்தில் ஒரு நாளாவது சொல்லியிருந்தால் அதையும் கடிதத்தில் எழுதியிருப்பீர்கள். உட்காரவே இடம் கிடைக்காதவரைப் பார்த்து, உட்கார ஆசையில்லாதவர் என்று முடிவுகட்டிவிட்டீர்கள்.

‘செபமாலையோடு சரி’ என்பது அதைவிட மோசம். நீங்கள் ஏதோ மேல்மாடிக்குப் போய்விட்டதுபோலவும் அவர் கீழ்ப்படியிலேயே நிற்பதுபோலவும் அல்லவா இருக்கிறது! திருத்தந்தை ஆறாம் பவுல் 1974-ல் மரியா வணக்கத்தைப் பற்றி எழுதிய மடலில், ஆழ்ந்து தியானிக்காமல் சொல்லும் செபமாலையை உயிரில்லாத உடல் என்றார். அப்படியானால் அதைச் சரியாகச் சொல்கிறவர் தியானத்தில்தான் இருக்கிறார். வாய்ச் செபமே ஆழ்ந்த செபத்தின் தொடக்க நிலையாக ஆகும் என்று திருச்சபையின் மறைக்கல்வி நூலும் சொல்கிறது. பாத்திரம் கழுவிக்கொண்டே செபமாலையில் பத்து மணிகளைச் சொல்லி முடிக்கும் உங்கள் மனைவி அந்த நேரத்தில் எங்கே இருக்கிறார் என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

அடுத்து, அந்தக் கதவு. மத்தேயு ஆறாம் அதிகாரத்தில் ஆண்டவர் கதவை அடைக்கச் சொன்னது உண்மைதான். அதற்கு முந்தைய வசனத்தையும் படியுங்கள். மக்கள் பார்க்க வேண்டுமென்று தெருமுனைகளில் நின்று செபிக்கிற வெளிவேடக்காரரைப் பற்றிச் சொல்லிவிட்டுத்தான் உள்ளறைக்கு வருகிறார். செபிப்பது வெளியே தெரியக் கூடாது என்பதற்காக அந்தக் கதவு. உங்கள் வீட்டிலோ, எட்டு மணி ஆனால் அப்பா செபத்தில் இருக்கிறார் என்று எல்லோருக்கும் தெரிகிறது, தெரிய வைக்கப்படுகிறது. வீடே உங்களுக்காக மூச்சை அடக்கிக்கொண்டிருக்க வேண்டியிருக்கிறது. தெருமுனையைவிட இது எந்த விதத்தில் மறைவு?

எனக்கு இதைச் சொல்ல என்ன யோக்கியதை என்று கேட்பீர்கள். ஒரு நாள் காலை, திருப்பாடல் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு கண்ணை மூடியிருந்தபோது என் மகன் வந்து முந்தானையை இழுத்தான். ‘செபம் பண்ணும்போது தொந்தரவு பண்ணாதே, சனியனே’ என்று கத்தினேன். அவனுக்கு அப்போது நாலு வயது. ஷூவுக்கு முடிச்சுப் போடத் தெரியாமல் வந்திருந்தான். அப்புறம் அந்தப் புத்தகத்தைத் திறக்க எனக்கு ஒரு வாரம் ஆனது.

மாற்கு நற்செய்தியின் முதல் அதிகாரம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். இருட்டோடு எழுந்து தனிமையான இடத்துக்குப் போய் இயேசு செபிக்கிறார். சீமோனும் மற்றவர்களும் தேடிக் கண்டுபிடித்து, எல்லோரும் உம்மைத் தேடுகிறார்கள் என்கிறார்கள். ‘செபிக்கிறேன், தெரியவில்லையா’ என்று அவர் கடிந்துகொள்ளவில்லை. அடுத்த ஊர்களுக்குப் போகலாம் வாருங்கள் என்று புறப்பட்டுவிடுகிறார். இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள். அவர் எடுத்துக்கொண்டது ஊர் தூங்குகிற நேரம். நீங்கள் எடுத்துக்கொண்டிருப்பது வீட்டில் வேலை நெரிகிற நேரம். எட்டு மணிக்குப் பதில் ஐந்து மணிக்கு எழுந்தால் யாரையும் சமையலறையில் அடைத்து வைக்கத் தேவையில்லை, தூக்கத்தின் நஷ்டமும் உங்கள் கணக்கில் மட்டும்தான் வரும். இன்னொன்று, கூப்பிட்டால் அவர் எழுந்து போனார்.

அதே நற்செய்தியின் ஏழாம் அதிகாரத்தையும் சொல்லித்தான் ஆக வேண்டும். பெற்றோருக்குச் செய்ய வேண்டியதை ‘கொர்பான்’, அதாவது கடவுளுக்குக் காணிக்கை ஆகிவிட்டது என்று சொல்லிக் கைகழுவியவர்களைப் பார்த்து ஆண்டவர் பேசிய பேச்சு லேசானதல்ல. தினமும் அரை மணி நேரத்தைக் கொர்பான் ஆக்கிப் பிள்ளைகளிடமிருந்து எடுத்து வைக்கிற அப்பா அந்தப் பகுதியை முழந்தாளிட்டுப் படிக்க வேண்டும் என்பது என் கட்சி. குடும்பக் கடமை செபத்துக்குக் குறுக்கே நிற்கிற இடைஞ்சல் என்று யார் சொன்னாலும், அவர் சாமியாரே ஆனாலும், நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

ரோமை நகர் புனித பிரான்சிஸ்காவைப் பற்றி ஒரு கதை சொல்வார்கள். 15-ம் நூற்றாண்டில் வாழ்ந்த குடும்பத் தலைவி, துறவி அல்ல. திருப்பாடல் சொல்லிக்கொண்டிருக்கும்போது நாலு முறை வீட்டு வேலைக்காகக் கூப்பிட்டார்களாம். நாலு முறையும் ஒரே வரியில் நிறுத்திவிட்டு எழுந்து போனார். திரும்பி வந்து பார்த்தபோது அந்த வரி பொன்னெழுத்தில் இருந்ததாம். பொன்னெழுத்தை நம்பினாலும் நம்பாவிட்டாலும், நாலு முறை எழுந்து போனதை நம்பலாம். பிள்ளை வளர்த்த யாருக்கும் அது புதிதில்லை.

சரி, அப்படியானால் மௌன செபத்தை விட்டுவிடச் சொல்கிறேனா? அப்படி நினைத்துக்கொண்டு இந்த இதழைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். நேரம் மிஞ்சினால் செய்வதல்ல, ஆண்டவருக்கென்று நேரத்தை உண்டாக்கிச் செய்வதே இந்தச் செபம் என்று அதே மறைக்கல்வி நூல் அழுத்திச் சொல்கிறது. நம்மை நேசிக்கிறார் என்று நாம் அறிந்தவரோடு அடிக்கடி தனிமையில் இருக்கிற நட்பு இது என்றார் 16-ம் நூற்றாண்டுத் துறவியான அவிலாவின் புனித தெரேசா. அவரே பல வருடம், செப நேரம் எப்போது முடியும் என்று மணிச்சத்தத்துக்குக் காது கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததாகவும் எழுதியிருக்கிறார். அவ்வளவு பெரியவருக்கே அப்படி என்றால், ஒரு வருடத்தில் உங்களுக்கு எல்லாம் இனிக்கிறது என்பது எனக்குக் கொஞ்சம் சந்தேகத்தைத்தான் தருகிறது. அதைத் தனியாக யோசித்துக்கொள்ளுங்கள்.

ஆயர் பிரான்சிஸ் சலேசியார் 1609-ல் வெளியிட்ட பக்தி வாழ்வு நூல் உங்களையும் என்னையும் போன்றவர்களுக்காகவே எழுதியது. மணமானவர்கள் ஏழ்மையை ஏற்று வாழும் கப்புச்சின் துறவிகளைப்போல வரும்படியைப் பற்றிக் கவலையே இல்லாமல் இருந்தால் அந்தப் பக்தி கேலிக்கூத்தாகும் என்று அதில் சிரிக்காமல் சொல்கிறார். செபத்திலிருந்து எழுந்து வேலைக்குப் போகிறவர், விலையுயர்ந்த திரவத்தைப் பீங்கான் பாத்திரத்தில் ஏந்தி வீட்டுக்குக் கொண்டுபோகிறவரைப்போல நடக்க வேண்டும் என்றும் சொல்கிறார். எட்டரை மணிக்குக் கதவைத் திறந்ததும் நீங்கள் முதலில் பேசுகிற வார்த்தை என்ன? ‘ஏன் இவ்வளவு சத்தம்’ என்பதா?

இனி செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். வரும் ஒரு மாதத்துக்கு எட்டு மணி அறை உங்கள் மனைவிக்கு. சமையலறை, பிள்ளைகள், வீட்டுப்பாடம் எல்லாம் உங்களுக்கு. உங்கள் செபம் விடியற்காலையில். அம்மாவின் டிவியைப் பற்றி இனி வாய் திறக்காதீர்கள். பொழுது முழுவதும் நீங்கள் வருவதற்காகக் காத்திருக்கிற மனுஷி, நீங்கள் வந்ததும் கதவைச் சாத்திக்கொண்டால் வேறு யாரோடு பேசுவார்? பிள்ளைகளுக்கு மௌனத்தின் அருமையை விளக்கப் போகாதீர்கள். இரவுச் செபமாலை முடிந்ததும் விளக்கை அணைத்துவிட்டு, ஒரு மெழுகுதிரியைச் சின்னவன் கையால் ஏற்றச் சொல்லி, எல்லோரும் இரண்டு நிமிடம் பேசாமல் இருங்கள். அவன் நெளிவான், சிரிப்பான். இருக்கட்டும். இரண்டே நிமிடம். கூட்டாதீர்கள்.

மனைவி கதவைச் சாத்திக்கொண்ட பிறகு சின்னவன் தட்டப் போனால் தூக்கிக்கொண்டு வந்துவிடுங்கள். வெளியே வந்ததும், உள்ளே என்ன செய்தாய், எப்படி இருந்தது என்றெல்லாம் கேட்காதீர்கள். தூங்கியிருந்தாலும் சரி. இன்னொரு தெரேசா, குழந்தை இயேசுவின் புனித தெரேசா, ஏழு வருடம் தியான நேரத்தில் தூங்கிப்போனதை ஒளிக்காமல் எழுதி, பிள்ளைகள் தூங்கும்போதும் பெற்றோருக்குப் பிரியமானவர்கள்தானே என்று கேட்டவர். உங்கள் மனைவிக்கு முதல் வாரம் முழுக்கத் தூக்கம்தான் வரும் என்று நினைக்கிறேன். எழுப்பிவிடாதீர்கள்.