ஊருக்கு ஒரு கடிதம், வீட்டுக்கு ஒரு கடிதம்

கேள்வி: எங்களுக்குத் தூத்துக்குடிக்குத் தெற்கே ஒரு கடற்கரைக் கிராமம். மகளுக்கு வயது 28. கன்னியர் சபையில் சேர்ந்து, நர்சிங் படித்து, போன வருடம் பாப்புவா நியூ கினிக்குப் போனாள். வேவாக் பக்கம் ஒரு சுகாதார நிலையத்தில் இருக்கிறாள். முதலில் வாராவாரம் வாய்ஸ் நோட், படம் எல்லாம் வரும். என் வீட்டுக்காரர் அதை அப்படியே குடும்ப குரூப், பங்கு குரூப், கூடப் படித்தவர்கள் குரூப் என்று தட்டிவிடுவார். ஒருமுறை தனக்கு மலேரியா என்று சொன்னாள். அன்பியத்தில், அதாவது பக்கத்து வீட்டுக்காரர்கள் கூடி ஜெபிக்கிற குழுவில், ஜெபிக்கச் சொன்னேன். 'ஐசியூவில் கிடக்கிறாளாம்' என்று பேச்சு பரவி, யாரோ சபையின் தலைமை இல்லத்துக்கே போன் போட்டுவிட்டார்கள். பிறகு, தலையில் கட்டுப் போட்ட ஒரு பெண்ணோடு அவள் நிற்கும் படத்தை இவர் அனுப்பினார். 'அப்பா, அதை உடனே எடுத்துடுங்க' என்று ஒரு வரி வந்தது. அன்றிலிருந்து 'நல்லா இருக்கேன்மா, ஜெபிங்க' என்பதைத் தவிர வேறு எதுவும் வருவதில்லை. இதற்கிடையில் அக்டோபர் மாதப் பங்கு இதழுக்கு அவளைப் பற்றிக் கட்டுரையும் படமும் கேட்கிறார் பங்குத்தந்தை. பெற்ற பிள்ளையைப் பற்றி நாலு பேரிடம் சொன்னது தப்பா?
- ஒரு தாய்

பதில்: சொன்னதில் தப்பில்லை சகோதரி. கடல் தாண்டிப் போய் யாரோ ஒருவர் பிள்ளைக்குக் காய்ச்சல் பார்க்கிற மகளைப் பற்றிப் பெருமைப்படாமல் வேறு யாரைப் பற்றிப் பெருமைப்படுவது? ஆனால் எதை, யாரிடம், எப்போது சொல்லலாம் என்று அவளை ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. அதனால் சொல்வதையே நிறுத்திவிட்டாள்.

முதலில் அந்தப் படம். அது அவசரம்.

அந்த நாட்டில் 'சங்குமா' என்கிற சூனியப் பயம் இன்னும் போகவில்லை. ஒரு வீட்டில் திடீர்ச் சாவு விழுந்தால், அக்கம்பக்கத்தில் ஆதரவில்லாத ஒரு பெண்ணின் மேல் பழி போடுவார்கள். அடி, வெட்டு, சூடு, சில சமயம் கொலை. கொலை செய்தவன் சூனியத்தைக் காரணம் காட்டித் தண்டனையைக் குறைத்துக்கொள்ள இடம் கொடுத்த 1971-ஆம் ஆண்டுச் சட்டத்தை 2013-இல்தான் ஒழித்தார்கள். அதே வருடத் தொடக்கத்தில் மவுண்ட் ஹேகனில் ஓர் இளம்பெண்ணை ஊர் பார்க்க எரித்துக் கொன்றிருந்தார்கள். இப்படித் தப்பி ஓடிவரும் பெண்களுக்கு ஒதுங்க இடம் தருகிறவர்களில் கன்னியர்கள் உண்டு. மலைப்பகுதியான மெண்டியில் சுவிட்சர்லாந்திலிருந்து போன சிஸ்டர் லொரேனா யெனால் பல வருடங்களாகச் செய்வது இந்த வேலையைத்தான்.

உங்கள் மகளோடு நின்ற பெண் வழுக்கி விழுந்தவராகவே இருக்கலாம். குடிகாரப் புருஷன் அடித்ததாகவும் இருக்கலாம். எதுவானாலும், முகமும் இடமும் தெரிகிற படம் அது. தூத்துக்குடி குரூப்பில் போட்டது வேவாக்குக்கு எப்படிப் போகும் என்று உங்கள் வீட்டுக்காரர் கேட்பார். அங்கே பணி செய்கிற நம் நாட்டு ஃபாதர்களும் சிஸ்டர்களும் அவரவர் ஊர் குரூப்பில் இல்லையா என்ன? இரண்டு மூன்று கை மாறினால் போதும், படம் கிளம்பின இடத்துக்கே போய்ச் சேரும். அனுப்பிப் பல நாள் ஆகிவிட்டதால் 'எல்லாருக்கும் நீக்கு' என்பது இனி உதவாது. ஒவ்வொரு குரூப்பிலும் 'அந்தப் படத்தை போனிலிருந்தும் அழித்துவிடுங்கள், மேலே அனுப்பியவர்கள் அவர்களிடமும் சொல்லுங்கள்' என்று அவரே எழுதட்டும். காரணம் சொல்ல வேண்டாம். சொன்னால் அதுவே அடுத்த செய்தியாகிவிடும்.

அடுத்து மலேரியா. வேவாக் பக்கத்தில் அது அடிக்கடி வந்துபோகிற காய்ச்சல். நர்ஸ் வேறு. தானே விரலில் குத்தி ரத்தப் பரிசோதனை பார்த்து, மூன்று நாள் மாத்திரை போட்டுக்கொண்டு வேலைக்குப் போயிருப்பாள். அவளைப் படுக்க வைத்தது அந்தக் காய்ச்சலாக இருக்காது, தலைமை இல்லத்துக்குப் போன அந்த போன்தான். மடத்துக்குள் ஓர் இளம் சிஸ்டரைப் பற்றி 'வீட்டு நினைப்பு விடவில்லை, சின்ன வலிக்கும் அம்மாவிடம் அழுகிறாள்' என்று ஒரு பேச்சு கிளம்பினால் என்ன ஆகும் என்பது அந்த வாழ்க்கை தெரிந்தவர்களுக்குப் புரியும். அடுத்த இடமாற்றம் வரை அந்தப் பேச்சு கூடவே வரும். ஜெபம் கேட்பதற்கு நோயின் பெயர் தேவையில்லை சகோதரி. பூசைக்கு எழுதிக் கொடுக்கும்போது 'சிறப்புக் கருத்துக்காக' என்று எழுதுகிறோமே, கடவுளுக்கு அது புரியாமலா போகிறது?

இனி என்ன செய்வது என்பதற்கு உங்கள் கடற்கரைக்குச் சம்பந்தப்பட்ட ஒரு வழி இருக்கிறது. இயேசு சபைக் குரு புனித சவேரியார் உங்கள் முத்துக்குளித்துறைக் கடற்கரைக்கு வந்தது 1542-இல். அதே வருடம் டிசம்பரில், அந்தச் சபையை நிறுவிய இஞ்ஞாசியார் தன் ஆரம்பகாலத் தோழர் பியர் ஃபாவருக்கு எழுதிய கடிதத்தில் ஒரு கண்டிப்பான விதி இருக்கிறது. யாரிடமும் காட்டக்கூடிய விஷயங்களை முதன்மைக் கடிதத்தில் எழுது, திரும்பப் படித்துத் திருத்தி எழுது, மற்றதை எல்லாம் தனித் தாளில் எழுதி உள்ளே வை என்கிறார். ஏனென்றால் கடிதம் வந்திருக்கிறது என்று தெரிந்ததும் நண்பர்கள் காட்டச் சொல்லிக் கேட்பார்கள், ஊர்ப்பட்ட விஷயம் கலந்து கிடக்கும் தாளைக் காட்டவும் முடியாது, மறைக்கவும் முடியாது என்று அவருக்குச் சங்கடம். உங்கள் பங்கு குரூப்புக்காகவே எழுதியது போல இல்லை? கொச்சியிலிருந்து 1544 ஜனவரியில் சவேரியார் எழுதிய கடிதம், ஞானஸ்நானம் கொடுத்துக் கொடுத்துக் கை சோர்ந்துபோனது என்று சொல்லுமே, அது ஐரோப்பா முழுக்கப் படியெடுத்துப் படிக்கப்பட்டது.

மகளிடம் இதையே கேளுங்கள். மாதத்துக்கு ஒன்று, எல்லாருக்கும் அனுப்புகிற மாதிரி அவளே எழுதி, படத்தையும் அவளே தேர்ந்து அனுப்பட்டும். அதை ஊருக்குக் கொண்டுபோகிற பொறுப்பு அப்பாவுக்கு. மனிதர் பாவம், அவருக்கு இந்த வேலையாவது வேண்டும். மற்ற வாய்ஸ் நோட்டெல்லாம் வீட்டுக்கு மட்டும். அதில் இருந்து ஒரு வரிகூட அன்பியத்துக்குப் போகக்கூடாது, உங்கள் வாய் வழியாகவும்தான்.

ஆனால் இதை எடுத்த எடுப்பில் கேட்காதீர்கள். முதல் செய்தி இவ்வளவு இருந்தால் போதும்: 'பிள்ள, அந்தப் படத்த எல்லா இடத்துலயும் அழிக்கச் சொல்லிட்டோம். காய்ச்சல் விஷயத்த ஒன்னக் கேக்காம நான் வெளிய சொல்லிருக்கக் கூடாது. இனிமே ஒன்னக் கேட்டுட்டுத்தான் சொல்லுவேன்.' இதோடு நிறுத்துங்கள். 'ஏன் பேச மாட்டேங்கிற' என்று சேர்த்தீர்களானால் எழுதியது அத்தனையும் வீண்.

பிறகு நீங்கள் அனுப்புங்கள். நான் பார்த்தவரை, வெளிநாட்டில் பணி செய்கிற பிள்ளைகளின் வீட்டார் செய்தியை வாங்கத்தான் காத்திருக்கிறார்கள், கொடுப்பது குறைவு. சவேரியார் 1546-இல் இன்றைய இந்தோனேசியாவிலுள்ள அம்போனா தீவிலிருந்து எழுதும்போது, தோழர்கள் தங்கள் கையால் போட்ட பெயர்களைக் கடிதங்களிலிருந்து கத்தரித்து எப்போதும் தன்னோடு வைத்திருப்பதாகச் சொல்கிறார். அவ்வளவு பெரிய ஆளுக்கே அப்படி இருந்தது. பாட்டி திட்டுவதை ரெக்கார்டு பண்ணி அனுப்புங்கள். சீலா என்ன விலைக்குப் போகிறது, பனிமய மாதா கொடியேற்றத்துக்கு யார் யார் வந்தார்கள், மாடி வீட்டுப் பூனை எத்தனை குட்டி போட்டது, எல்லாம் போகட்டும். அவளிடம் கேட்பதையும் சின்னதாகக் கேளுங்கள். சாப்பாட்டைக் கேட்கலாம். அந்தப் பக்கத்தில் 'சாக்சாக்' என்று ஒன்று சாப்பிடுவார்கள், சேகோ மரத்தின் தண்டைப் பிளந்து, உள்சோற்றைக் கொத்தி, தண்ணீர் விட்டுப் பிசைந்து எடுக்கிற மாவு. ஜவ்வரிசியின் அசல் அதுதான், சேலத்து ஜவ்வரிசி மரவள்ளிக்கிழங்கில் செய்கிற மாற்று. கஞ்சியாகக் கிண்டினால் பசை மாதிரி வரும். அது அவளுக்குத் தொண்டையில் இறங்குகிறதா என்று கேளுங்கள், பதில் நீளமாக வரும்.

இன்னொன்று, அங்கே மணி நம்மைவிட நாலரை மணி நேரம் முன்னால். ராத்திரிச் சாப்பாடு முடித்து எட்டரைக்கு நீங்கள் கூப்பிடுகிறபோது அங்கே ஒரு மணி, காலைப் பூசைக்கு எழ வேண்டியவள். ஞாயிறு மதியம் மூன்று மணிக்குக் கூப்பிட்டுப் பாருங்கள்.

யாராவது உங்கள் கையில் பணம் கொடுத்து 'சிஸ்டருக்கு அனுப்புங்க' என்றால் வாங்காதீர்கள். சபையின் இல்லத்தில் கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள்.

பங்கு இதழ்க் கட்டுரையை வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். மறைபரப்பு ஞாயிறுக்கு ஃபாதர் கேட்பது நியாயம்தான். மகளைப் பற்றி ஒரு பத்தி போதும், மீதியை அந்த நாட்டைப் பற்றி எழுதுங்கள். கிராமப்புற மருத்துவத்தில் ஏறத்தாழ பாதி அங்கே திருச்சபைகளின் கையில் நடக்கிறது. போப் பிரான்சிஸ் 2024 செப்டம்பரில், 87 வயதில், வேவாக் இருக்கும் அதே வடகரையிலுள்ள வனிமோவுக்கு ராணுவ விமானத்தில் போய் அங்குள்ள மறைபணியாளர்களைப் பார்த்தார். 2025 அக்டோபரில் பீட்டர் தோ ரோட் அந்த நாட்டின் முதல் புனிதரானார். அவர் ஒரு வேதியர், அதாவது ஊரில் மறைக்கல்வி சொல்லிக்கொடுக்கிறவர், மனைவி பிள்ளைகள் உள்ளவர், ஜப்பானியர் பிடியில் 1945-இல் கொல்லப்பட்டவர். உங்கள் ஊர் வேதியர் இதை வாசித்தால் சந்தோஷப்படுவார்.

படத்துக்கு அவள் முதல் வார்த்தைப்பாடு (துறவற உறுதிமொழி) கொடுத்த அன்று எடுத்தது வீட்டில் இருக்குமே, அதைக் கொடுங்கள். எழுதி முடித்ததும் அவளுக்கு அனுப்பி, பிடிக்காததை வெட்டச் சொல்லுங்கள். முழுவதையும் வெட்டினாலும் சரி என்று சொல்லிவிடுங்கள். ஃபாதர் முகம் சுளித்தால் பழியை என் மேல் போட்டுவிடுங்கள்.