நாள் தள்ளிப்போவது பசுவாலா, காளையாலா?

கேள்வி: மன்னார்குடிக்குப் பக்கத்துக் கிராமம் எங்களுடையது. எங்கள் ஜெர்சி கலப்பினப் பசு போன ஈத்தில் ஜெர்சி காளையின் சினை ஊசிக்கு 278ஆம் நாள் கன்று போட்டது. இந்த முறை சாகிவால் ஊசி போட்டோம். இன்றோடு 286 நாள். மடி விட்டிருக்கிறது, தீனி எடுக்கிறது, வலி மட்டும் வரவில்லை. வலி வருவதற்கு ஊசி போட்டு ஈனவைத்துவிடலாம் என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். செய்யலாமா? பருவத்துக்கு வந்த கிடேரி ஒன்றும் நிற்கிறது. அதற்கு எந்த ஊசி நல்லது?

பதில்: வேண்டாம், காத்திருங்கள். ஆனால் முதலில் சினை ஊசி அட்டையை எடுத்துப் பாருங்கள். மூன்று வாரம் கழித்து மறுபடி பருவம் காட்டி இரண்டாம் ஊசி போட்டிருப்பீர்கள், நினைவில் நிற்பது முதல் தேதியாக இருக்கும். நாள் தள்ளிப்போகிறது என்று வரும் புகார்களில் பல இதில்தான் முடியும்.

தேதி சரி என்றால், காரணம் காளை. எப்போது வெளியே வருவது என்று முடிவெடுப்பது பசு இல்லை, உள்ளே இருக்கும் கன்றுதான். வளர்ச்சி நிறைந்ததும் கன்றின் அட்ரினல் சுரப்பி கார்ட்டிசாலைக் கூட்டும். அதற்குப் பிறகுதான் தாயின் உடம்பு ஈற்றுக்குத் தயாராகும். அந்தக் கன்றில் பாதி தகப்பனுடையது அல்லவா? ஜெர்சிக்கும் ஹோல்ஸ்டீனுக்கும் சராசரியாக 279 நாள். சாகிவால், கிர் போன்ற திமில் மாடுகளுக்கு 285 முதல் 290 நாள் வரை ஆகும். உங்கள் கன்று நடுவில் எங்காவது நிற்கும். காளைக்கன்றாக இருந்தால் ஒன்றிரண்டு நாள் கூடும்.

அவசரப்பட்டு ஈனவைத்தால் கன்று பக்குவமாகாமல் சோர்ந்து விழும், இளங்கொடி (நஞ்சுக்கொடி) விழாமல் தங்கிப்போவதும் அடிக்கடி நடக்கும். 290 தாண்டினாலோ, தீனி குறைந்தாலோ, நாற்றத்தோடு திரவம் வந்தாலோ கால்நடை மருத்துவரை அழைத்துக் கன்றின் நிலையைப் பார்க்கச் சொல்லுங்கள். பனிக்குடம் உடைந்து இரண்டு மணி நேரத்தில் கன்று வரவில்லை என்றால் அதற்கு மேல் ஒரு நிமிடமும் காத்திருக்கக் கூடாது.

நாள் கூடுவதில் கவனிக்க வேண்டியது கன்றின் எடை. கடைசி நாட்களில் கன்று தினமும் அரைக் கிலோ அளவுக்கு ஏறும். திமில் இனக் காளையைச் சீமைப் பசுவோடு சேர்த்தால் பிறக்கும் கன்று, அதையே தலைகீழாகச் சேர்த்தால் பிறப்பதைவிடப் பெரிதாக இருக்கும். தாய்ப் பக்கம் கட்டுப்படுத்துவது குறைவு. பெரிய கன்று வழியில் சிக்கி நேரமானால் மூச்சுத் திணறிப் பிறக்கும். பலர் 'மந்தமான கன்று' என்று சொல்வது பெரும்பாலும் இப்படிச் சிரமப்பட்டுப் பிறந்ததைத்தான்.

நல்ல கன்று சில நிமிடத்தில் தலை தூக்கும், ஒரு மணி நேரத்தில் எழுந்து நிற்கும், இரண்டு மணி நேரத்தில் மடியைத் தேடும். திமில் இனக் கன்றுகளில் சில காம்பைப் பிடிக்கவே தாமதிக்கும். சாகிவாலுக்குப் பிறந்தது அப்படி நின்றால் பயப்படாதீர்கள், சீம்பாலைக் கறந்து புட்டியில் கொடுங்கள். 25 கிலோ கன்றுக்கு இரண்டரை லிட்டர், அதில் பாதியாவது முதல் இரண்டு மணி நேரத்தில் போக வேண்டும். ஒரு நாள் போனால் நோய் எதிர்ப்புச் சக்தியைக் குடல் ஏற்காது. இளங்கொடி விழுந்த பிறகுதான் ஊட்ட வேண்டும் என்று டெல்டாவில் இன்னும் சொல்லும் பெரியவர்கள் உண்டு. தயவுசெய்து கேட்காதீர்கள். சீம்பாலை வெல்லம் போட்டுக் காய்ச்சி அக்கம்பக்கத்துக்குக் கொடுப்பதும் கன்றின் வயிறு நிறைந்த பிறகு வைத்துக்கொள்ளலாம்.

இனி கிடேரி. தலையீத்து என்பதால் பால் கணக்கைத் தள்ளிவைத்து, கன்று சிறிதாக வரும் காளையைக் கேளுங்கள். ஜெர்சி கலப்பு என்றால் ஜெர்சி போதும். ஹோல்ஸ்டீன் கன்று 40 கிலோ வரை வரும், முதல் ஈத்தில் அந்தச் சோதனை எதற்கு? கிடேரி நம் டெல்டாவின் நாட்டு இனமான உம்பளச்சேரி என்றால் உம்பளச்சேரி ஊசியே போடுங்கள். அந்தச் சிறிய மாட்டுக்குப் பெரிய இனத்தைப் போட்டு, கடைசியில் கயிறு கட்டி இழுத்த கதைகள் நிறையப் பார்த்துவிட்டேன். ஒரே இனத்திலும் காளைக்குக் காளை வித்தியாசம் உண்டு. அதனால் விந்து அடைத்து வரும் குச்சியில் அச்சிட்டிருக்கும் காளை எண்ணைக் குறித்துவைத்து, அதே எண் போட்ட வீட்டில் ஈற்று எப்படி இருந்தது என்று விசாரியுங்கள்.

அப்புறம் ஒன்று. உம்பளச்சேரிக் கன்று செம்பழுப்பாகத்தான் பிறக்கும், ஆறேழு மாதத்தில் சாம்பல் நிறத்துக்கு மாறும். நிறத்தைப் பார்த்து ஊசி மாறிவிட்டது என்று டாக்டரிடம் சண்டைக்குப் போய்விடாதீர்கள்.