மின்சாரம் முழுதும் போனால் அணுஉலையின் மானிகள் எப்படி இயங்கும்?

கேள்வி: நான் ஒரு நூற்பாலையில் மின் பராமரிப்புப் பிரிவில் வேலை பார்க்கிறேன். கூடங்குளம் தொடர்பான அவசரகால ஒத்திகை எங்கள் பகுதியில் நடக்கும்போது அதிகாரிகளிடம் கேள்வி கேட்க வாய்ப்புக் கிடைக்கும் போலிருக்கிறது. வெளியிலிருந்து வரும் மின்சாரமும் போய், ஜெனரேட்டர்களும் நின்றுவிட்டால், உலைக்குள் என்ன நடக்கிறது என்பது ஊழியர்களுக்கு எப்படித் தெரியும்? எங்கள் ஆலையில் இருப்பதுபோல யூபிஎஸ் இருக்குமா? எத்தனை மணி நேரம் தாங்கும்? நான் என்ன கேட்க வேண்டும்?
— வள்ளியூர் வாசகர்

பதில்: அணுஉலைப் பாதுகாப்பு என்றாலே எல்லாரும் குளிர்விப்பைப் பற்றித்தான் பேசுகிறார்கள். உலையை எப்படிப் பார்ப்பது என்று நீங்கள் கேட்டிருக்கிறீர்கள். இதற்கான பதிலும் அதே அளவு முக்கியமானது.

முதலில் அளவுகளைப் பார்த்துவிடுவோம். கூடங்குளத்தின் ஓர் உலை 3,000 மெகாவாட் வெப்பம் தரக்கூடியது. உலையை நிறுத்திய பிறகும் எரிபொருளில் கதிரியக்கச் சிதைவால் வெப்பம் வந்துகொண்டே இருக்கும். ஒரு மணி நேரம் கழித்தும் அது ஏறத்தாழ 40 மெகாவாட். இதை வெளியேற்றும் பெரிய பம்புகளை இயக்கப் பெரிய ஜெனரேட்டர்கள்தான் வேண்டும். ஆனால் நீர்மட்டம் காட்டும் ஒரு மானிக்கு என்ன வேண்டும்? உங்கள் ஆலையிலும் பார்த்திருப்பீர்கள்: 24 வோல்ட் டிசி, 4 முதல் 20 மில்லி ஆம்பியர். இன்றியமையாத மானிகள் அனைத்தையும் சேர்த்தாலும் ஒரு சிறு ஜெனரேட்டர் தாங்கிவிடும். தேவை இவ்வளவு சிறிது என்பதால், பெரிய பம்புகளின் மின்சாரத்தோடு சேர்ந்து மானிகளும் சாகவேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. அவற்றுக்குத் தனி வழி இருந்தே ஆகவேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

ஜப்பானின் ஃபுகுஷிமா டாயிச்சி அணுமின் நிலையத்தில் அந்தத் தனி வழி இருக்கவில்லை. 2011 மார்ச் 11 அன்று பிற்பகல் 2.46-க்கு நிலநடுக்கம் வந்தது. வெளி மின்சாரம் போனதும் டீசல் ஜெனரேட்டர்கள் ஓடத் தொடங்கின. முக்கால் மணி நேரத்துக்குப் பின் சுனாமி அடித்தது. 1, 2, 4 ஆகிய உலைகளில் பேட்டரிகளும் சேர்ந்து நீரில் மூழ்கின. கட்டுப்பாட்டு அறையின் விளக்குகளும் மானிகளும் அணைந்துபோயின. இங்கே உங்களைப் போன்றவர் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. 2, 4 ஆகிய உலைகளுக்குக் காற்றால் குளிரும் ஜெனரேட்டர் ஒவ்வொன்று தரைமட்டத்தில் இருந்தது, அவை கெடவில்லை. அவற்றின் மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் பேனல்கள்தான் அடித்தளத்தில் மூழ்கிக் கிடந்தன. ஜெனரேட்டர் நல்ல நிலையில் இருந்தும் பயனில்லாமல் போயிற்று.

ஊழியர்கள் டார்ச் விளக்கு வெளிச்சத்தில், வளாகத்தில் நின்ற வாகனங்களிலிருந்து பேட்டரிகளைக் கழற்றிக் கொண்டுவந்தார்கள். 12 வோல்ட் பேட்டரி இரண்டைத் தொடராக இணைத்தால் 24 வோல்ட். பேனலுக்குப் பின்புறம் சென்று உரிய முனைகளைத் தேடிப் பிடித்து மானிக்குக் கொடுத்தார்கள். பிறகு 3-ஆம் உலையில் அழுத்தத்தைக் குறைக்கும் வால்வைத் திறப்பதற்காக, 10 கார் பேட்டரிகளைத் தொடராக இணைத்து 120 வோல்ட் எடுத்தார்கள். அந்த மனிதர்களின் துணிவை நான் மிகவும் மதிக்கிறேன். ஆனால் அந்த பேட்டரிகளும், முனையில் பொருந்தும் கேபிளும், எந்த முனை எது என்று சொல்லும் தாளும் முன்கூட்டியே அலமாரியில் இருந்திருக்க வேண்டியவை.

இதைவிடக் கொடுமையானது அடுத்து நடந்தது. அன்றிரவு 9.19-க்கு 1-ஆம் உலையின் நீர்மட்ட மானி உயிர்பெற்றது. எரிபொருளின் மேல்முனைக்கு 200 மில்லிமீட்டர் மேலே நீர் இருப்பதாகக் காட்டியது. ஆறுதல் தரும் எண்தான். ஆனால் பின்னாளில் நடந்த ஆய்வுகளின்படி அந்நேரத்தில் எரிபொருள் நீரை இழந்து உருகத் தொடங்கியிருந்தது. காரணம் மானியின் அமைப்பிலேயே இருந்தது. உலைக் கலத்தின் நீரை, அதற்கு வெளியே ஒரு குழாயில் நிற்கும் நீரோடு ஒப்பிட்டுத்தான் அந்த மானி மட்டத்தைச் சொல்லும். சுற்றியிருந்த வெப்பத்தில் அந்த ஒப்பீட்டுக் குழாயின் நீர் ஆவியாகிவிட்டது; உள்ளே நீர் குறையக் குறைய, மானி இருப்பதைவிட அதிகமாகவே காட்டியது. மே மாதத்தில் ஊழியர்கள் உள்ளே சென்று மானியைச் சரிசெய்து பார்த்தபோது, நீர்மட்டம் எரிபொருளின் மேல்முனைக்கு 5 மீட்டருக்கும் கீழே இருந்தது தெரிந்தது. எனவே மின்சாரம் கொடுத்துவிட்டால் போதும் என்று நினைத்துவிடாதீர்கள். அந்த மானி கடும் வெப்பத்திலும் நீராவியிலும் உண்மை சொல்லுமா, அது சொல்வதை வேறு வகை மானியோடு ஒத்துப்பார்க்க வழி உண்டா என்பதும் சேர்ந்ததுதான் பாதுகாப்பு.

பயன்படுத்திய எரிபொருளை வைத்திருக்கும் குளத்துக்கும் இது பொருந்தும். 4-ஆம் உலையின் குளத்தில் நீரே இல்லை என்று அமெரிக்க அணுசக்தி ஒழுங்குமுறை ஆணையத்தின் அன்றைய தலைவர் நாடாளுமன்றக் குழுவிடம் சொல்லும் அளவுக்குக் குழப்பம் இருந்தது. உண்மையில் நீர் இருந்தது. அதைக் காட்ட மானிதான் இல்லை. அதே ஆணையம் 2012 மார்ச் 12 அன்று அமெரிக்க அணுமின் நிலையங்களுக்கு ஓர் உத்தரவு போட்டது: குளங்களின் நீர்மட்டத்தைக் காட்ட நம்பகமான மானியும் அதற்கு மாற்றாக இன்னொன்றும் வேண்டும், வழக்கமான மின்சாரம் போனாலும் அவை இயங்க வேண்டும்.

யூபிஎஸ் இருக்குமா என்று கேட்டிருந்தீர்கள். இருக்கும். பெரிய பேட்டரி வரிசைகளும் இன்வெர்ட்டர்களும் எல்லா அணுமின் நிலையங்களிலும் உண்டு. ஆனால் எழுதப்பட்ட மணி நேரத்தை மட்டும் நம்ப வேண்டாம். எந்தச் சுமையை எப்போது துண்டிக்கிறார்கள் என்பதுதான் அதைத் தீர்மானிக்கிறது. ஃபுகுஷிமாவின் 3-ஆம் உலையில் பேட்டரி மூழ்கவில்லை. தேவையற்ற சுமைகளை ஒவ்வொன்றாகத் துண்டித்து, அதை ஏறக்குறைய ஒன்றரை நாள் இழுத்தார்கள். இன்னொன்று: ஈய அமில பேட்டரி மின்னேற்றத்தின்போது எளிதில் தீப்பற்றும் ஹைட்ரஜனை வெளிவிடும் என்பது உங்களுக்குத் தெரியும். வெளியிலிருந்து ஜெனரேட்டர் கொண்டுவந்து சார்ஜரை இயக்கும்போது பேட்டரி அறையின் விசிறிக்கும் மின்சாரம் தர வேண்டும். திட்டங்களில் இதை மறந்துவிடக் கூடாது.

நம் நாட்டிலேயே ஒரு முன்நிகழ்வு உண்டு. 1993 மார்ச் 31 அன்று உத்தரப் பிரதேசத்தின் நரோரா நிலையத்தில் டர்பைன் இறகுகள் உடைந்து தீப்பற்றியது. முதன்மை மின்சாரத்தின் கேபிள்களும் மாற்று மின்சாரத்தின் கேபிள்களும் போதிய தடுப்பின்றி ஒரே வழியில் சென்றதால் எல்லாம் எரிந்தன. சுமார் 17 மணி நேரம் நிலையத்தில் மின்சாரம் இல்லை. புகையால் கட்டுப்பாட்டு அறையை விட்டே ஊழியர்கள் வெளியேற வேண்டியிருந்தது. டார்ச்சோடு ஏறிச்சென்று, கையால் வால்வைத் திறந்து, அணுப்பிளவை அடக்கி வைக்கும் போரான் கரைசலை உலைக்குள் விட்டார்கள். ஜெனரேட்டர்கள் எத்தனை இருந்தும், கேபிள் பாதை ஒன்றாக இருந்தது.

இப்போது கூடங்குளம். அங்கே நீராவி இயற்கைச் சுழற்சியால் சென்று காற்றில் குளிர்ந்து திரும்பும் ஓர் அமைப்பு உண்டு. வெப்பத்தை வெளியேற்ற அதற்கு மின்சாரம் வேண்டாம். நல்ல ஏற்பாடு. ஆனால் அது ஒழுங்காக நடக்கிறதா என்று பார்க்க மானி வேண்டுமே. ஃபுகுஷிமாவுக்குப் பின் கூடங்குளத்துக்குச் சொல்லப்பட்ட 17 பரிந்துரைகளில் ஒன்று உங்கள் கேள்விக்கே பதில்: முக்கிய அளவீடுகளைக் கண்காணிக்கும் பேட்டரி போன்ற மின்மூலங்கள் குறைந்தது 7 நாள் தாங்கும்படி கூட்டப்பட வேண்டும். 7 நாள் மிகை என்று யாராவது சொன்னால் உக்ரைனின் ஸபோரிஷியாவைக் காட்டுங்கள். 2025 செப்டம்பர் 23 முதல் ஏறத்தாழ ஒரு மாதம் அந்த நிலையம் வெளி மின்சாரமின்றி டீசலில் மட்டுமே ஓடியது.

ஆகவே கூட்டத்தில், "பாதுகாப்பா?" என்று கேட்காதீர்கள்; "ஆம்" என்ற சொல்லோடு முடிந்துவிடும். அந்த 7 நாள் பரிந்துரை எப்படி நிறைவேற்றப்பட்டது, அந்த பேட்டரியும் அதன் பேனலும் எந்த உயரத்தில் இருக்கின்றன, முதன்மை கேபிளிலிருந்து எவ்வளவு விலகிச் செல்கின்றன என்று கேளுங்கள். எரிபொருள் குளத்தின் மானி அதில் அடக்கமா என்றும் கேளுங்கள். வெப்பநிலையை அளக்கும் தெர்மோகப்பிள் வெளி மின்சாரமின்றித் தானாகவே மில்லிவோல்ட் தரக்கூடியது. கட்டுப்பாட்டு அறை இருண்டாலும் கேபிள் முனையில் கையடக்க மீட்டர் வைத்து வெப்பநிலையைப் படிக்கலாம். அப்படிப் படிக்க முனைகள் குறிக்கப்பட்டிருக்கின்றனவா, கடைசியாக இருட்டில் எப்போது பயிற்சி செய்தார்கள்? மின் பராமரிப்பு தெரிந்த நீங்கள் இதைக் கேட்டால் பூசி மெழுகிப் பதில் சொல்வது கடினம்.

நிலையத்துக்கு வெளியே இருக்கும் கதிர்வீச்சு மானிகளையும் விட்டுவிடாதீர்கள். ஃபுகுஷிமா மாகாணத்தில் நிலையாக வைத்திருந்த 24 கண்காணிப்பு மானிகளில் 23 நிலநடுக்கத்தாலும் சுனாமியாலும் பயன்படாமல் போயின. மக்களை எந்தப் பக்கம் அனுப்புவது என்று முடிவெடுக்க வேண்டிய நேரத்தில் கையில் எண் இல்லை. உங்கள் பகுதியில் அப்படிப்பட்ட மானிகள் எங்கெங்கே இருக்கின்றன, ஊரில் மின்தடை வந்தால் அவை எத்தனை நாள் ஓடும், செல்போன் கோபுரம் செயலிழந்தாலும் அளவுகள் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்குப் போய்ச் சேருமா என்பதை மாவட்ட நிர்வாகத்திடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.