எட்டுக்கால் பூச்சியும் கழுத்துக் கொப்புளமும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

பிள்ளையார் நோன்புக்காகக் குடும்பத்தோடு செட்டிநாட்டுக் கானாடுகாத்தான் வந்திருக்கிறோம். வருடத்தில் முக்கால்வாசி பூட்டியே கிடக்கும் வீடு. திறந்த அன்றைக்கே இரண்டாங்கட்டுச் சுவரில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு எட்டுக்கால் பூச்சி. வயிற்றுக்கடியில் வெள்ளை வில்லை ஒன்றை அணைத்துக்கொண்டிருந்தது. பக்கத்தில் வலை எதுவும் இல்லை. படம் இணைத்திருக்கிறேன். இது என்ன வகை, விஷமுள்ளதா, எப்படி விரட்டுவது?

அன்று இரவு எல்லோரும் பட்டாலைக் கூடத்தில் ட்யூப்லைட் வெளிச்சத்தில் வரிசையாகப் படுத்தோம். நேற்றுக் காலை என் ஏழு வயது மகனின் கழுத்தில் சிவப்பாக ஒரு கோடு. இன்று கோடு நெடுகச் சிறு சிறு கொப்புளம். எரிகிறது என்று அழுகிறான். 'எட்டுக்கால் பூச்சி மூத்திரம் பெய்திருக்கு' என்று அப்பத்தா சொல்கிறார்கள். மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துப் போட்டிருக்கிறோம்.

மகனுக்கும் சில கேள்விகள்: சிலந்திக்கு எத்தனை கண்? காது கேட்குமா? தூங்கும்போது வாய்க்குள் போய்விடுமா? செத்தால் ஏன் காலை மடக்கிக்கொள்கிறது? வாஷ்பேசினுக்குள் எப்படி வருகிறது? வீடு முழுக்க ஆள் வைத்து மருந்தடித்துவிடலாமா?

உ.மெ.

*

அன்புள்ள உ.மெ.,

மருந்தடிக்க வேண்டாம். அரைத்துப் போட்டதைக் கழுவிவிடுங்கள். இந்த இரண்டையும் செய்துவிட்டு மேலே படியுங்கள்.

படத்தில் இருப்பது ஹெட்டரோபோடா வெனடோரியா. வலை பின்னாமல் இரவில் ஓடிப் பிடித்துத் தின்னும் வேட்டைச் சிலந்தி. ஆசியாவின் வெப்பப் பகுதிதான் பூர்வீகம், ஆனால் உங்கள் வீட்டுப் பர்மா தேக்கைப் போலவே கப்பலேறிய சாதி. சரக்கோடு சரக்காகப் போய் வெப்பநாடுகள் எல்லாவற்றிலும் குடியேறிவிட்டது. கால் நீட்டினால் 7 முதல் 12 சென்டிமீட்டர் வரை இருக்கும். மற்ற சிலந்திகள் பலவற்றுக்குக் கால் மேல்நோக்கி மடங்கி நிற்கும். இதற்கு நண்டுக்கு இருப்பதுபோல் பக்கவாட்டில் விரிந்திருக்கும், உடம்பும் தட்டை. அதனால்தான் அவ்வளவு பெரிய உருவம் கதவு நிலைக்கும் சுவருக்கும் இடையிலுள்ள கீற்று இடுக்கில் பகலெல்லாம் ஒளிந்துகொள்கிறது. கண்களுக்குக் கீழே முகத்தின் குறுக்கே வெளிறிய பட்டை ஒன்று தெரிகிறது பாருங்கள், அதுவும் அடையாளம்.

அந்த வெள்ளை வில்லை முட்டைப் பை. உள்ளே நூற்றுக்கணக்கில் முட்டை இருக்கும். தாய்ச் சிலந்தி முட்டையை எங்கே வைத்திருக்கிறது என்று பார்த்தாலே பாதி அடையாளம் கண்டுவிடலாம். தட்டையான வில்லையை வயிற்றுக்கடியில் அணைத்திருந்தால் இது. உருண்டையான பையை உடம்பின் பின்முனையில் ஒட்டி இழுத்துக்கொண்டு தரையில் ஓடினால் ஓநாய்ச் சிலந்தி. குஞ்சு பொரித்ததும் அத்தனையையும் முதுகில் ஏற்றிக்கொள்ளும். கூரை மூலையில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு, நூலால் லேசாகச் சுற்றிய முட்டைக் கொத்தை வாயில் கவ்வியிருந்தால் ஃபோல்சிட் குடும்பம். நம் வீடுகளில் ஒட்டடை என்று அடிப்பதில் பெரும்பகுதி இந்தக் குடும்பத்தின் பழைய வலைதான். தொட்டால் கிடுகிடுவென்று உடம்பை ஆட்டிக்கொண்டு கண்ணுக்குத் தெரியாமல் மங்கிப்போகும். கொசு தின்னும், மற்ற சிலந்திகளையும் தின்னும்.

உங்கள் விருந்தாளி கரப்பான் தின்பவள். பூட்டிக் கிடந்த வீட்டில் அவளுக்கு என்ன வேலை என்று இப்போது புரிந்திருக்கும். விஷம் உண்டா என்றால் உண்டு, அநேகமாக எல்லாச் சிலந்திக்கும் உண்டு. பூச்சியைச் சாய்க்கப் போதுமான விஷம். கையால் அமுக்கினால் கடிப்பாள், முட்டையோடு இருக்கும்போது இன்னும் சீக்கிரம் கடிப்பாள். கடித்த இடம் சில மணி நேரம் வலித்து வீங்கும், பிறகு அடங்கிவிடும். வெளியே விடத்தான் வேண்டுமென்றால் அகல வாய் ஐஸ்கிரீம் டப்பாவை மெதுவாக மேலே கவிழ்த்து, சுவருக்கும் டப்பாவுக்கும் நடுவே பழைய காலண்டர் அட்டையை நுழைத்து, கால் நசுங்காமல் தள்ளிக்கொண்டுபோய் விறகுக் கொட்டகையில் விடுங்கள். வேகம் காட்டினால் உங்கள் கைமேலேயே ஏறி ஓடும். ஸ்பிரே அடித்தால் சாவதற்குமுன் வீடெல்லாம் தறிகெட்டு ஓடும். அது செத்தபின் கரப்பான்கள் நிம்மதியாக இருக்கும்.

பையனின் கேள்விகள் உங்கள் கேள்விகளைவிட உருப்படியானவை. பெரும்பாலானவற்றுக்கு எட்டுக் கண், சிலவற்றுக்கு ஆறு. இரவில் டார்ச்சை நெற்றியோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டு தோட்டத்துத் தரையைப் பார்க்கச் சொல்லுங்கள். மினுக்கென்று பச்சையாக ஒளி திரும்பி வந்தால் பெரும்பாலும் ஓநாய்ச் சிலந்தியின் கண். காது கிடையாது, காலிலுள்ள மெல்லிய மயிர்களும் கீறல் போன்ற உறுப்புகளும் அதிர்வை வாங்கிக்கொள்ளும். வாய்க்குள் போவது வாட்ஸாப் கதை, விடுங்கள்.

கால் மடங்குவது நல்ல கேள்வி. சிலந்தியின் காலில் இரண்டு முக்கிய மூட்டுகளுக்கு மடக்கும் தசை மட்டுமே உண்டு, நீட்டும் தசை கிடையாது. உடம்பிலுள்ள திரவத்தை அழுத்தத்தோடு காலுக்குள் செலுத்தித்தான் நீட்டுகிறது. உயிர் போனால் அழுத்தம் போகும், கால்கள் உள்ளே சுருண்டுகொள்ளும். ஆகவே கால் விரித்தபடி அசையாமல் கிடப்பதைச் செத்தது என்று நினைத்துவிட வேண்டாம். தூக்கிப் பார்த்தால் காற்றாக இருந்து, முன்னுடம்பின் மேல்தகடு மூடி திறந்ததுபோல் விலகியிருந்தால் அது உரித்துப்போட்ட சட்டை. பையன் அதை ஒரு தீப்பெட்டியில் எடுத்து வைத்துக்கொள்ளட்டும். லென்ஸ் இருந்தால் கண்கள் இருந்த இடம்கூட அதில் தெரியும்.

வாஷ்பேசினுக்குள் குழாய் வழியாக எதுவும் ஏறி வருவதில்லை. தண்ணீர் தேடி வந்து வழுக்கி விழுந்தவை. வலை பின்னும் சாதிகள் பலவற்றுக்குப் பாதத்தில் ஒட்டும் மயிர்க்கற்றை கிடையாது, பீங்கானில் ஏற முடியாது. ஒரு துண்டை விளிம்பிலிருந்து உள்ளே தொங்கவிடுங்கள், ஏறிப் போய்விடும். உங்கள் வேட்டைச் சிலந்திக்கு அந்தக் கற்றை உண்டு. முட்டை வெள்ளைக்கரு சேர்த்துத் தேய்த்த செட்டிநாட்டுச் சுவரில் அவள் நிற்பது அதனால்தான்.

சரி, கொப்புளத்துக்கு வருகிறேன். எனக்குக் கோபம் வருவதும் இங்கேதான்.

எட்டுக்கால் பூச்சிக்கு மூத்திரம் என்று தனியாக ஒன்று இல்லை. அதன் கழிவு பெரும்பாலும் குவானைன் என்ற பொருள். பின்முனை வழியாக வெள்ளைக் குழம்பாக விழுந்து, காய்ந்ததும் சுண்ணாம்புப் பொட்டாகிவிடும். வலை கட்டியிருக்கும் மூலைக்கு நேர் கீழே உங்கள் ஆத்தங்குடிக் கல் பாவிய தரையைப் பாருங்கள், வெள்ளையும் கறுப்புமாகப் புள்ளிகள் இருக்கும். ஈரத்துணியால் துடைத்தால் போய்விடும். அது தோலைப் பொசுக்காது. துடைத்த கைகளில் என்றைக்காவது கொப்புளம் வந்திருக்கிறதா என்று வீடு கூட்டுகிற அம்மாவைக் கேளுங்கள்.

பையன் கழுத்தில் இருப்பது, நீங்கள் எழுதியதை வைத்துச் சொன்னால், பீடரஸ் என்ற வண்டின் வேலை. பத்திரிகைகளில் 'ஆசிட் பூச்சி' என்று எழுதுகிறார்கள். ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவான நீளம், பார்வைக்கு நீண்ட எறும்பு. தலை கறுப்பு, கழுத்து ஆரஞ்சு, நடுவில் நீலப்பச்சையாக மின்னும் குட்டைச் சிறகு மூடி, பிறகு மறுபடி ஆரஞ்சு, வால்நுனி கறுப்பு. வாலைத் தூக்கிக்கொண்டு ஓடும். வயலில் இது விவசாயியின் ஆள், நெல்லில் புகையான் என்ற பயிர்ப்பூச்சியைப் பிடித்துத் தின்னும். மழைக்குப் பின், கண்மாயும் வயலும் ஈரமாக இருக்கும் ஐப்பசியிலிருந்து தை வரை, வெளிச்சத்தைத் தேடி வீட்டுக்குள் வரும். வானம் பார்த்த முற்றம், வெள்ளைச் சுவர், விடிய விடிய எரியும் ட்யூப்லைட், அதன் கீழே வரிசையாகத் தூங்கும் ஜனம். வேறென்ன வேண்டும்?

அது கடிக்காது, கொட்டாது. தோலில் ஊரும்போது தூக்கத்தில் நாம் தேய்த்து நசுக்குகிறோம். அதன் உடல்நீரில் பெடரின் என்ற நஞ்சு இருக்கிறது. கை தேய்த்த திசையில் அது இழுபடுகிறது, அதனால்தான் கோடு. உடனே ஒன்றும் தெரியாது. அரை நாளோ ஒரு நாளோ கழித்துச் சிவக்கும், அதற்கு மறுநாளோ அடுத்த நாளோ கொப்புளிக்கும். அதற்குள் பூச்சியை எல்லோரும் மறந்திருப்பார்கள், சுவரில் ஒரு எட்டுக்கால் பூச்சி கண்ணில் படும், பழி விழும். முழங்கை மடிப்பிலோ கழுத்து மடிப்பிலோ பட்டால், மடிப்பின் இரு பக்கமும் அச்செடுத்ததுபோல் ஒரே மாதிரிப் புண் வரும். இதைப் பார்த்தால் சந்தேகமே வேண்டாம்.

இதற்கு ஏன் இவ்வளவு நீட்டுகிறேன் என்றால், பழி தப்பான இடத்தில் விழும்போது வைத்தியமும் தப்பான இடத்துக்குப் போகிறது. பையனுக்குப் பெரிய ஆபத்தில்லை, ஏழு முதல் பத்து நாளில் ஆறிவிடும், கறுப்புத் தழும்பு சில வாரம் இருக்கும். ஆனால் இதே 'எட்டுக்கால் பூச்சி' என்ற சொல்லை அப்பத்தா வயதுக்காரர்களின் அக்கிக்கும் சொல்கிறார்கள். உடம்பின் ஒரே பக்கத்தில் பட்டையாக, கொப்புளம் வருவதற்கு முன்பே எரிச்சலோடு வருகிறதே, அது. சின்ன வயதில் வந்த சின்னம்மையின் (சிக்கன் பாக்ஸ்) வைரஸ் நரம்பில் ஒளிந்திருந்து திரும்பக் கிளம்புவது. கொப்புளம் தலைகாட்டிய 72 மணி நேரத்துக்குள் வைரஸ் மருந்து ஆரம்பித்தால் நல்லது. அந்த மூன்று நாளும் காவியால் அக்கி எழுதுவதில் போய்விடுகிறது. பிறகு மாதக்கணக்கில் நரம்புவலி என்று கிடக்கிறார்கள். எழுதுங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. டாக்டரைப் பார்த்துவிட்டு வந்து எழுதுங்கள்.

இன்னும் மோசம் ஸ்க்ரப் டைபஸ். இடுப்பிலோ அக்குளிலோ தொடை இடுக்கிலோ வலியே இல்லாமல், சிகரெட்டால் சுட்டதுபோல் ஒரு கறுத்த பொருக்கு. கூடவே விடாத காய்ச்சல், தலைவலி. புதரில் இருக்கும் ஒரு வகைச் சிற்றுண்ணியின் (மைட்) இளம்புழு கடித்துப் பரவுகிற நோய். அந்தச் சிற்றுண்ணி சிலந்திக்குத் தூரத்து உறவு என்பது உண்மைதான், அதற்காகச் சிலந்தியைக் கூண்டிலேற்ற முடியாது. டாக்சிசைக்ளின் என்ற மலிவான மாத்திரைக்கு அடங்கும். 'ஏதோ பூச்சி கடிச்சிருக்கு' என்று பத்து நாள் விட்டால் நுரையீரல், சிறுநீரகம் வரை போய் உயிரையே எடுக்கும். தமிழ்நாட்டில் மழைக்கும் பனிக்கும் இடைப்பட்ட இந்த மாதங்களில்தான் அதிகம். காய்ச்சலோடு கறுத்த பொருக்கு இருந்தால் அதை டாக்டரிடம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். வெட்கப்படுகிற இடத்தில் இருக்கும், பலர் மறைத்துவிடுகிறார்கள்.

உங்களைப்போலப் படித்தவர்கள் இன்னொன்று செய்வார்கள். இணையத்தில் தேடி, சதை அழுகிய படத்தைப் பார்த்து 'ப்ரௌன் ரெக்லூஸ்' என்று பயப்படுவார்கள். அது அமெரிக்கச் சிலந்தி. அந்த ஊர்க் கதை ஒன்று சொல்கிறேன். கான்சாஸில் ஒரு குடும்பம் குடியிருந்த வீட்டில், 2001-இல் ஆறு மாதத்தில் 2,055 ரெக்லூஸ் சிலந்திகளைப் பிடித்தார்கள். வீட்டில் ஒருவருக்குக்கூட அதன் விஷம் ஏறியதாகத் தெரியவில்லை. அந்த ஆய்வு 2002-இல் அச்சாகியிருக்கிறது. அப்படிப்பட்ட வீட்டிலேயே கதை இது. நீங்கள் ஒற்றைச் சிலந்தியைக் காட்டிப் பையனின் கழுத்துக்குக் கணக்குச் சொல்கிறீர்கள்! 'இரண்டு புள்ளி இருந்தால் சிலந்திக்கடி' என்பதும் பிதற்றல். சிலந்தி கடித்தது என்று சொல்ல மூன்று வேண்டும்: கடிப்பதைப் பார்த்திருக்க வேண்டும், அதைப் பிடித்திருக்க வேண்டும், விவரம் தெரிந்தவர் அதை இனம் காண வேண்டும். மூன்றும் இல்லையென்றால் 'தெரியாது' என்று டாக்டரிடம் சொல்லுங்கள், அவர் யோசிக்க இடம் இருக்கும்.

அப்பத்தாவிடம் இதையெல்லாம் சண்டையாகச் சொல்லாதீர்கள். வெள்ளைப் பொட்டைக் காட்டுங்கள், ராத்திரி விளக்கடியில் அந்த வண்டையும் காட்டுங்கள். கண்ணால் பார்த்தால் ஒப்புக்கொள்வார்கள், அந்தத் தலைமுறை அப்படித்தான்.

இப்போது செய்ய வேண்டியது. சோப்பும் தண்ணீரும் போட்டுக் கழுத்தைக் கழுவி, குளிர்ந்த ஈரத்துணியை நாளுக்கு நாலைந்து தடவை பத்துப் பத்து நிமிடம் வையுங்கள். கொப்புளத்தை உடைக்க வேண்டாம். எரிச்சலுக்குக் காலமைன் லோஷன் போதும். ஸ்டீராய்டு களிம்பு டாக்டர் சொன்னால் மட்டும். கொப்புள நீரால் பரவாது. நஞ்சு ஒட்டிய விரலாலும் தலையணை உறையாலும் பரவும், ஆகவே உறை, போர்வை, துண்டு எல்லாவற்றையும் துவைத்துவிடுங்கள். இருட்டியதும் பட்டாலை விளக்கை அணைத்து, முகப்பில் மட்டும் ஒன்று எரியட்டும், அதுவும் மஞ்சள் பல்பாக. விளக்குக்கு நேர் கீழே யாரும் படுக்க வேண்டாம், கொசுவலை கட்டுங்கள். மேலே ஊர்ந்தால் அடிக்காமல் ஊதிவிடப் பையனுக்குச் சொல்லிக்கொடுங்கள். நசுங்கிவிட்டால் உடனே சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும்.

நகத்தை ஒட்ட வெட்டிவிடுங்கள். கழுத்தைச் சொறிந்த கையால் கண்ணைக் கசக்கினால்தான் தொல்லை. இமை வீங்கினாலோ, கண் சிவந்து வெளிச்சத்துக்குக் கூசினாலோ நோன்பு முடியட்டும் என்று காத்திருக்காமல், சுத்தமான தண்ணீரால் கண்ணைக் கழுவிவிட்டு அன்றைக்கே காரைக்குடிக்குக் கூட்டிப்போய்க் கண் டாக்டரிடம் காட்டுங்கள்.