பொருளியலாளர்களை மேற்கோள்களால் தரப்படுத்துவது எப்படி? கேள்வி பதில்

வெள்ளவத்தையிலிருந்து ஒரு முதுமாணி மாணவி: சேர், எச் சுட்டியைக் கையால் கணக்கிட முடியுமா?

முடியும். மேற்கோள் என்றால் பிற ஆய்வுகள் ஒரு கட்டுரையைச் சுட்டுவது. தலா எச் மேற்கோளாவது பெற்ற கட்டுரைகள் எச் இருக்கவேண்டும்; அப்படி வரும் மிகப் பெரிய எண்தான் எச் சுட்டி. கட்டுரைகளை மேற்கோள் எண்ணிக்கையின்படி இறங்குவரிசையில் எழுதுங்கள்: 48, 21, 9, 6, 5, 2. ஐந்தாவதுக்கு 5 மேற்கோள் உண்டு, ஆறாவதுக்கு 2 மட்டுமே. ஆகவே எச் 5. இயற்பியலாளர் ஹோர்ஹே ஹிர்ஷ் 2005இல் முன்வைத்த முறை இது.

அந்த 48ஐ 4,800 ஆக்கினாலும் விடை 5தான். பொருளியலுக்கு இது பெரிய குறை. ஒன்றிரண்டு கட்டுரைகளாலேயே துறையைத் திருப்பியவர்கள் இங்கே இருக்கிறார்கள். கணிதவியலாளர் ஜோன் நாஷின் 1950ஆம் ஆண்டுக் கட்டுரை இரண்டு பக்கத்துக்குள் முடிந்துவிடும். அவருக்கு 1994இல் பொருளியலுக்கான நோபல் பரிசு கிடைத்தது. எச் சுட்டியோ கட்டுரைகளின் எண்ணிக்கையைத் தாண்டவே முடியாது. இதைச் சரிசெய்ய பொருளியலாளர் கிளென் எலிசன் 2013இல் தடையை உயர்த்திப் பார்த்தார்: எச் கட்டுரைகள் ஒவ்வொன்றுக்கும் எச்சின் வர்க்கத்தைப் போல் 5 மடங்கு மேற்கோள் வேண்டும். மேலுள்ள பட்டியலில் இரண்டு கட்டுரைகள் 20ஐத் தாண்டுகின்றன. மூன்றுக்குத் தலா 45 வேண்டும், இல்லை. விடை 2. அதிகம் மேற்கோளான சில கட்டுரைகளுக்கே இது எடை கொடுக்கிறது. பொருளியலுக்கு இதுவே பொருத்தம் என்பது என் கருத்து.

கொட்டாஞ்சேனையிலிருந்து: ஒரே பேராசிரியருக்கு மூன்று தளங்களில் மூன்று எண்கள் வருகின்றனவே?

கூகிள் ஸ்கொலர் ஆய்வேடு, பணித்தாள் (சஞ்சிகையில் அச்சாகுமுன் வெளியிடும் வடிவம்), அறிக்கை எல்லாவற்றையும் எண்ணும். ஸ்கோபஸ் என்ற மேற்கோள் தரவுத்தளம் தெரிவுசெய்த சஞ்சிகைகளையும் நூல்களையும் மாநாட்டுக் கட்டுரைகளையும் மட்டும் எண்ணும். ரீபெக் என்ற பொருளியல் இணையத்தளம் தன் களஞ்சியத்துக்குள் இருக்கும் பொருளியல் ஆக்கங்களை மட்டும் எண்ணும். ஒரு தளத்து எண்ணை இன்னொன்றோடு ஒப்பிடவே வேண்டாம்.

பம்பலப்பிட்டியிலிருந்து ஒரு விரிவுரையாளர்: ரீபெக் தரவரிசையும் "உலகின் முதல் 2 சதவீதம்" பட்டியலும் ஏன் ஒத்துப்போவதில்லை?

சூத்திரமே வேறு. ரீபெக்கில் மேற்கோள், சஞ்சிகையின் தாக்கத்தால் எடையிட்ட மேற்கோள், இணையாசிரியர் எண்ணிக்கையால் வகுத்த மேற்கோள், எச் சுட்டி, தரவிறக்கம் என்று பல அளவுகோல்கள் உண்டு. ஒவ்வொன்றிலும் கிடைத்த இடங்களில் மிகச் சிறந்ததையும் மிக மோசமானதையும் நீக்கிவிட்டு, மிச்சத்துக்கு இசைச்சராசரி (தலைகீழ் எண்களின் சராசரியை மீண்டும் தலைகீழாக்கியது) எடுக்கிறார்கள். இசைச்சராசரி சிறிய எண்களின் பக்கம் சாயும். சில அளவுகோல்களில் முன்னிலையில் நிற்பவருக்கு அது சாதகம்.

ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தின் ஜோன் அயோனிடிஸ் குழு தயாரிக்கும் 2 சதவீதப் பட்டியல் ஸ்கோபஸ் தரவில் ஆறு அளவுகோல்களைக் கூட்டுகிறது. அவற்றில் மூன்று, தனியாக எழுதியவரா, முதலாவது ஆசிரியரா, கடைசி ஆசிரியரா என்று பார்ப்பவை. மருத்துவத்தில் அந்த வரிசைக்கு அர்த்தம் உண்டு. பொருளியலிலோ பெரும்பாலும் குடும்பப்பெயரின் அகரவரிசையில்தான் பெயர் போடுவார்கள். 1998இல் வெளிவந்த சட்டமும் நிதியும் பற்றிய புகழ்பெற்ற கட்டுரையைப் பாருங்கள்: லா போர்ட்டா, லோபெஸ் டி சிலானெஸ், ஷ்லைஃபர், விஷ்ணி. ரீபெக்கில் ஆண்டுக்கணக்காக முதலிடத்தில் இருந்த அந்த்ரே ஷ்லைஃபர் மூன்றாவதாக நிற்கிறார். அந்த மூன்று அளவுகோல்களிலும் இக்கட்டுரைக்காக அவருக்கு ஒன்றும் சேராது. ஆங்கில எழுத்து ஒன்றால் வருகிற நட்டம் இது, நியாயமேயில்லை.

அதே விரிவுரையாளர்: என்னுடைய கட்டுரைகள் பாதி காணாமல் போயிருக்கின்றன. என்ன செய்யலாம்?

நம் பெயர்முறைதான் முதல் காரணம். தகப்பனின் முதலெழுத்து முன்னால், சொந்தப் பெயர் பின்னால். தளங்கள் சொந்தப் பெயரையே குடும்பப்பெயராக எடுக்கும், "எஸ். குமார்" என்று தேடினால் நூறு பேர் வருவார்கள். கல்யாணத்துக்குப் பிறகு முதலெழுத்தை மாற்றும் பெண்களின் கணக்கு இரண்டாக உடையும்.

முதலில் ஆய்வாளரைத் தனியாக அடையாளங்காட்டும் 16 இலக்க ஓர்கிட் எண் எடுத்து, இனி அனுப்பும் ஒவ்வொரு கட்டுரையிலும் போடுங்கள். ஸ்கோபஸில் உங்கள் பெயரில் இரண்டு மூன்று கணக்குகள் இருந்தால் ஒன்றாக்கச் சொல்லி விண்ணப்பியுங்கள். ரீபெக்கில் ஆசிரியராகப் பதிந்து, நீங்கள் எழுதிய எல்லாப் பெயர் வடிவங்களையும் கொடுங்கள். அது காட்டும் கட்டுரைகளில் உங்களுடையவற்றை ஏற்றுக்கொள்ளுங்கள். கூகிள் ஸ்கொலரில் பணித்தாளும் அச்சான கட்டுரையும் தனித்தனியாகக் கிடந்தால் இரண்டையும் தெரிவுசெய்து இணையுங்கள். பிரிந்தே கிடந்தால் 6, 5 என்று நிற்கும் மேற்கோள்கள் 11 ஆகாது. தானாகச் சேரும் பிறர் கட்டுரைகளையும் நீக்குங்கள். பொய்யான எண் ஒருநாள் பிடிபடும்.

மருதானையிலிருந்து: தமிழில் எழுதிய கட்டுரைகளுக்கு மேற்கோள் கணக்கே வருவதில்லையே?

பழைய பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்த பிடிஎஃப்பை இயந்திரம் ஆங்கில எழுத்துக் குவியலாகத்தான் படிக்கும். ஸ்கான் செய்த பக்கமோ அதற்கு வெறும் படம். உசாத்துணைப் பட்டியலை யூனிகோடில் எழுதி, ஒவ்வொரு ஆக்கத்தின் தலைப்பையும் ஆங்கிலத்திலும் சேர்த்துக் கொடுங்கள்.

வெள்ளவத்தை மாணவி மீண்டும்: ஆய்வு மேற்பார்வையாளரைத் தேட எச் சுட்டியைப் பார்க்கலாமா?

ஒரே உட்துறைக்குள், ஏறத்தாழ ஒரே வயதினருக்கிடையில் மட்டும் பாருங்கள், தங்கச்சி. பொருளியலளவையியல் (பொருளியல் தரவைப் புள்ளிவிவரத்தால் ஆராயும் துறை) முறைக் கட்டுரைக்குப் பிற்செலவு (ரிக்ரெஷன்) பகுப்பாய்வு செய்கிற எல்லாரும் மேற்கோள் தருவார்கள். ஹால்பர்ட் வைட்டின் 1980ஆம் ஆண்டுக் கட்டுரை அப்படி. பொருளாதார வரலாற்றுக்கு அந்தக் கூட்டம் இல்லை. கடந்த ஐந்து வருடத்தில் அவர் மாணவர்களோடு சேர்ந்து எழுதியவை எத்தனை என்று எண்ணுங்கள்; அவற்றில் இரண்டை வாசித்துவிட்டு மின்னஞ்சல் அனுப்புங்கள்.