ரெஸ்டிங் ஸ்டேட் எஃப்எம்ஆர்ஐ தரவை (வேலை எதுவும் தராமல் சும்மா படுத்திருப்பவரின் மூளை ஸ்கேன்) ஸ்லோ-5, ஸ்லோ-4 என்று அதிர்வெண் பட்டைகளாகப் பிரித்துப் பார்ப்பதில் பயன் உண்டா? மொத்தமாக 0.01–0.1 ஹெர்ட்ஸ் போதாதா? ஸ்லோ-3, ஸ்லோ-2 வேண்டுமா?

பயன் உண்டு. ஆனால் கத்தியை எடுப்பதற்கு முன் ஸ்கேன் எத்தனை நிமிடம், டிஆர் (ஒரு முழுப் படத்துக்கும் அடுத்ததற்கும் இடையே உள்ள நேரம்) எத்தனை விநாடி என்று பாருங்கள். கேள்வியில் இரண்டையும் நீங்கள் சொல்லவில்லை. 6 நிமிடம், 2 விநாடி என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

0.1 ஹெர்ட்ஸ் என்ற வேலி எப்படி வந்தது? 1995இல் பரத் பிஸ்வாலும் உடன் உழைத்தவர்களும், விரலைக்கூட அசைக்காமல் சும்மா படுத்திருப்பவரின் உடலசைவை நடத்தும் இடது, வலது இயக்கப் புறணிகளில் சிக்னல் சேர்ந்தே ஏறி இறங்குவதைக் காட்டினார்கள். அந்த ஏற்ற இறக்கம் 0.1 ஹெர்ட்ஸுக்குக் கீழே இருந்தது. அப்புறம் அதுவே வழக்கமாகிவிட்டது. 2010இல் ஷி-நியான் ஸுவோ குழுவினர் இதே மாதிரியான தரவைத் துண்டுபோட்டார்கள்: ஸ்லோ-5 (0.01–0.027), ஸ்லோ-4 (0.027–0.073), ஸ்லோ-3 (0.073–0.198), ஸ்லோ-2 (0.198–0.25). மூளையின் ஆழத்தில் உள்ள பேசல் கேங்லியாவில் ஸ்லோ-4 வலுவாகவும், மூளை முன்மடலின் அடி நடுப்பகுதியில் ஸ்லோ-5 வலுவாகவும் தெரிந்தன. மொத்தமாக வடிகட்டியிருந்தால் இந்த வித்தியாசம் கரைந்து போயிருக்கும்.

இந்த எல்லைகளை மூளையே கோடு போட்டுக் கொடுத்ததாக நினைத்துவிட வேண்டாம். 0.01ஐ 2.7ஆல் பெருக்குங்கள், 0.027. மறுபடி பெருக்குங்கள், 0.073. நரம்பியல் ஆய்வாளர் புஜாக்கி முன்வைத்த மடக்கை அளவுகோல் இது. 0.025க்கும் 0.029க்கும் நடுவே மூளையில் சுவர் எதுவும் கிடையாது.

இனி கணக்கு. 6 நிமிடம் என்றால் 360 விநாடி, 180 படங்கள். ஃபூரியரில் (சிக்னலை அதிர்வெண்களாகப் பிரிக்கும் கணக்கு) அடுத்தடுத்த புள்ளிகளுக்கு இடையே 1/360 ஹெர்ட்ஸ். எண்ணிப் பாருங்கள், ஸ்லோ-5க்குள் விழுபவை வெறும் 6 புள்ளிகள், ஸ்லோ-4க்குள் 17. அதாவது ஸ்லோ-5 மட்டும் எடுத்தால் கையில் 180 எண்கள் இருப்பதுபோலத் தோன்றும், உண்மையில் தனித்து நிற்பவை, ஒரு புள்ளிக்கு இரண்டு எண்கள் என்ற கணக்கில், சுமார் 12தான். அந்த நிலையில் சம்பந்தமே இல்லாத இரண்டு இரைச்சல்கள் 0.5 தொடர்பு காட்டினாலும் அதிசயமில்லை. 180 என்று நம்பி பி-மதிப்பு போட்டால் எல்லாமே 'முக்கியமாக' வரும். ஸ்லோ-5தான் உங்கள் குறி என்றால் ஸ்கேன் நீளமாக வேண்டும். வேறு வழியில்லை.

நான் அடிபட்டது வேறு இடத்தில். ஒரு பங்கேற்பாளரின் மூளைத்தண்டை ஒட்டிய வாக்ஸல்களில் (படத்தின் குட்டிக் கனசதுரங்கள்) 0.03 முதல் 0.07 வரை ஒரு மேடு. ஸ்லோ-4க்கு அளந்து தைத்த சட்டை மாதிரி! இரண்டு நாள் சந்தோஷமாகத் திரிந்தேன். மூன்றாம் நாள் விரலில் மாட்டும் பல்ஸ் க்ளிப்பின் பதிவைத் திறந்து பார்த்தேன். ஸ்கேன் முழுக்க நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 62க்கும் 64க்கும் இடையே. அதாவது 1.03 முதல் 1.07 ஹெர்ட்ஸ். 2 விநாடிக்கு ஒரு படம் என்றால் 0.25 ஹெர்ட்ஸுக்கு மேல் இருப்பது எதுவும் தன் உண்மையான முகத்தோடு தெரியாது. வீடியோவில் பஸ் சக்கரம் பின்னோக்கிச் சுற்றுமே, அந்தக் கதைதான். படமெடுக்கும் வேகம் 0.5 ஹெர்ட்ஸ், அதன் மடங்கான 1.0 கழிந்து 1.03 என்பது 0.03, 1.07 என்பது 0.07. நான் கண்டுபிடித்தது அவருடைய இதயம்.

எந்த ஃபில்டராலும் இதை வெட்ட முடியாது, ஏனென்றால் அது ஏற்கெனவே உங்கள் பட்டைக்குள் உட்கார்ந்திருக்கிறது. நாடி, சுவாசப் பதிவு இருந்தால் அவற்றை வைத்து இதயம், மூச்சின் தடத்தைக் கழிக்கும் ரெட்ரோஐகார் போன்ற திருத்தத்தை முதலில் செய்யுங்கள். டிஆர் 0.72 விநாடி போன்ற வேகமான தரவாக இருந்தால் வசதி: எல்லை 0.69 ஹெர்ட்ஸுக்குப் போய்விடும், அதே நாடி 0.3 பக்கம் விழும், ஸ்லோ-4 தப்பிக்கும்.

வரிசையிலும் ஒரு பொறி இருக்கிறது. முதலில் வடிகட்டிவிட்டு, பிறகு வடிகட்டாத தலையசைவு அளவுகளை வைத்து ரிக்ரெஷன் செய்து அசைவின் பங்கைக் கழித்தால், வெளியே தள்ளிய அதிர்வெண்கள் பின்வாசல் வழியாகத் திரும்ப வரும். ஹால்குவிஸ்ட் குழுவினர் 2013இல் இதை விரிவாகக் காட்டினார்கள். இரண்டையும் ஒரே படியில் செய்யுங்கள். ஏஎஃப்என்ஐ என்ற மென்பொருளில் 3டி-டிப்ராஜெக்ட் (3dTproject) என்ற நிரல் அப்படித்தான் செய்கிறது. தலை சட்டென்று அசைந்த படங்களையும் வடிகட்டும் முன்பே கவனித்துவிடுங்கள். விட்டால் அந்த ஒரு குதிப்பை ஃபில்டர் முன்னும் பின்னும் பல படங்களுக்கு இழுத்துப் பூசிவிடும்.

ஸ்லோ-3, ஸ்லோ-2 வேண்டுமா என்றும் கேட்டிருந்தீர்கள். ஸ்லோ-2 உண்மையில் 0.5 ஹெர்ட்ஸ் வரை போகும். டிஆர் 2 விநாடியில் உங்களுக்குக் கிடைப்பது அதன் ஓரத்துண்டு, அதிலும் பாதி மூச்சுக்காற்று. நான் அதைத் தொடுவதில்லை.