கிரஷர் வேலையை விட்ட பிறகு சிலிகோசிஸ்: இழப்பீடு கேட்கலாமா?

கேள்வி: கல் கிரஷரில் 14 ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டு 2023 ஜூலையில் நின்றுவிட்டேன். மாதம் 18,000 ரூபாய் சம்பளம், இ.எஸ்.ஐ. கிடையாது. 2024 டிசம்பரில், 40 வயதில், இருமலும் மூச்சிரைப்பும் தொடங்கின. காசநோய் என்று ஆறு மாதம் மாத்திரை கொடுத்தார்கள். 2025 அக்டோபரில் எடுத்த சி.டி. ஸ்கேனில் சிலிகோசிஸ் (கல் தூசியால் வரும் நுரையீரல் நோய்) என்று தெரிந்தது. “நின்றுபோனவனுக்கு ஏது இழப்பீடு? பீடியால் வந்தது” என்கிறார் முதலாளி.

பதில்: வேலையை விட்டதாலேயே உரிமை போய்விடாது. பீடி நுரையீரலைக் கெடுக்கும். ஆனால் சிலிகோசிஸை உண்டாக்குவது சிலிக்கா தூசிதான். அந்தத் தூசி நெஞ்சிலேயே தங்கிவிடுவதால், வேலையை நிறுத்திய பிறகும் நோய் முற்றும். ஊழியர் இழப்பீட்டுச் சட்டம், 1923இன் மூன்றாம் அட்டவணையில் இது தொழில்நோய். நீண்ட காலம் அந்த வேலையில் இருந்தவருக்கு, வேலையில் இருக்கும்போதே இது வந்தால் வேலையால் வந்ததாகவே 3(2) பிரிவு கொள்ளும். அப்போது இல்லையென்று நிரூபிக்க வேண்டியது முதலாளி. வேலையை விட்ட பிறகு வந்தால், அந்த வேலையால்தான் வந்தது என்று நீங்கள் காட்ட வேண்டும். 2025 நவம்பர் 21இல் இந்தச் சட்டத்துக்குப் பதிலாகச் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பு, 2020 நடைமுறைக்கு வந்தது என்றாலும், உங்கள் உரிமை அதற்கு முன்பே, பழைய சட்டத்தின் கீழ் பிறந்துவிட்டது.

எதிர்த்தரப்பு முதலில் கை வைக்கும் இடம் தேதி. வேலையை விட்ட 2 ஆண்டுக்குள் நோய்க்குறி தோன்றினால், அது முதலில் கண்டறியப்பட்ட நாளையே விபத்து நாளாக 10ஆம் பிரிவு கொள்கிறது. அந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் மனுப் போட வேண்டும். பலர் ஸ்கேன் தேதியை எழுதி மாட்டிக்கொள்கிறார்கள். உங்கள் ஸ்கேன் வேலையை விட்டு 2 ஆண்டு கழித்து எடுத்தது. 2024 டிசம்பரில் இருமலுக்குப் போன அந்த முதல் ஓ.பி. சீட்டைத் தேடி எடுங்கள். அதுதான் வழக்குக்கு உயிர். கெடு தாண்டியிருந்தாலும், தக்க காரணம் இருந்தால், மனுவை விசாரிக்கும் ஊழியர் இழப்பீட்டு ஆணையர் தாமதத்தை மன்னிக்கலாம். காசநோய் சிகிச்சை அட்டையும் கிருமி இல்லையென்ற சளிப் பரிசோதனை முடிவும் அதற்கு உதவும்.

வேலை பார்த்ததற்கு பி.எஃப். பாஸ்புக், சம்பளம் ஏறிய வங்கிக் கணக்கு, உடன் வேலை செய்தவர்களின் சாட்சியம் போதும். ஒப்பந்தக்காரர் மூலம் சேர்ந்திருந்தாலும் 12ஆம் பிரிவின்படி முதன்மை முதலாளியும் (வேலையை ஒப்பந்தத்துக்கு விட்டவர்) பொறுப்பு.

மருத்துவச் சான்றில் நுரையீரல் திறன் எவ்வளவு குறைந்தது என்று மட்டும் எழுதிவிடுவது வழக்கம். சட்டம் கேட்பது சம்பாதிக்கும் திறன் இழப்பின் சதவீதம். அதைக் கேட்டு எழுதி வாங்குங்கள். சம்பளம் 18,000 என்றாலும், இந்தச் சட்டத்தின் உச்சவரம்புப்படி கணக்குக்கு 15,000தான். அதில் 60 சதவீதம் 9,000; அதைப் பெருக்க வேண்டிய, 40 வயதுக்கான காரணி 184.17. முழு ஊனம் என்றால் 16,57,530 ரூபாய், 50 சதவீத இழப்பு என்றால் 8,28,765. ஒரு மாதத்துக்குள் தராவிட்டால் ஆண்டுக்கு 12 சதவீத வட்டியும் சேரும்.

நீங்கள் வசிக்கும் பகுதியின் ஆணையரிடமே மனுப் போடலாம். முதலாளி ஒரு தொகையை நீட்டி “இனி எந்தக் கோரிக்கையும் இல்லை” என்று எழுதிக் கேட்டால் கையெழுத்துப் போடாதீர்கள். சமரசம் என்றால் அது ஆணையரிடம் பதிவாக வேண்டும்.